தேடுகிறவர் வாயில் வருகிற பெயர்

"ஏண்டி, நீ பத்திரிகை ஆபீஸில்தானே வேலை பார்க்கிறாய்? கூகுள்காரர்களில் யாரையாவது உனக்குத் தெரியுமா?"

போன வருஷம் ஆனி மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, ஓசூரிலிருந்து என் பெரியம்மா பெண் டெலிபோனில் கேட்ட கேள்வி இது. கூகுள் கம்பெனியின் தலைவர் சுந்தர் பிச்சை மதுரையில் பிறந்தவர் என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் எனக்கும் உள்ள சம்பந்தம் அந்த ஒரு வாக்கியத்தோடு முடிந்துவிடுகிறது. அக்காவிடம் அப்படியே சொன்னேன்.

"அப்படியானால் நீயாவது புறப்பட்டு வா. பதினெட்டாயிரம் ரூபாயைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். அத்தானுக்கு இன்னும் தெரியாது" என்றாள்.

கடைசி வாக்கியம் காதில் விழுந்ததும் பையில் இரண்டு புடவையைத் திணித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். வீட்டுக்காரருக்குத் தெரியாத பதினெட்டாயிரம் ரூபாய் எத்தனை கனம் என்று இந்தப் பக்கத்தைப் படிக்கும் சகோதரிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

★

கிருஷ்ணகிரியை நெருங்கும்போதே மாங்காய் வாசனை பஸ்ஸுக்குள் வந்துவிட்டது. சாலையெல்லாம் மாங்காய் லாரிகள். அந்தப் பக்கத்துக் காயில் பெரும் பகுதி கூழ் ஆலைகளுக்குப் போய், டப்பாவில் அடைபட்டு, வெளிநாடுகளுக்குக் கப்பலேறுகிறது. அங்கிருந்து சுமார் 50 கிலோமீட்டரில் ஓசூர். 1970-களில் அங்கே சிப்காட் தொழிற்பேட்டை ஏற்பட்டது. பிறகு அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று பெரிய ஆலைகள் வந்தன. அவற்றைச் சுற்றிக் கணக்கில்லாத சின்னப் பட்டறைகள் முளைத்தன. அத்தான் அப்படி ஒரு பட்டறையில் 27 வருஷம் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

ஓய்வுக்குப் பிறகு வருமானம் சுருங்கியது. அக்கா சும்மா இருக்கவில்லை. மாங்காய்த் தொக்கு, வற்றல், கேழ்வரகு முறுக்கு மாவு என்று வீட்டிலேயே தயார் செய்து விற்க ஆரம்பித்தாள். உணவுப் பாதுகாப்புத் துறையில் முறையாகப் பதிவும் செய்துகொண்டாள். தெருவில் நல்ல பெயர். ஆனால் தெரு எத்தனை தொக்குத்தான் சாப்பிடும்? எல்லையைத் தாண்டினால் அத்திப்பள்ளி. அதற்கப்பால் பெங்களூர் என்ற மகா சமுத்திரம். அந்தச் சமுத்திரத்தில் வலை வீசத்தான் அக்கா வலைத்தளம் வைத்தாள்.

வலைத்தளம் அழகாகவே இருந்தது. குலதெய்வத்தின் பெயரில் கடை. முகப்பில் தங்க நிறத்தில் மாவிலைத் தோரணம். ஆனால் மூன்று மாதமாக ஒரு ஆர்டர்கூட வரவில்லை. அந்தச் சமயம் பார்த்து ஒரு விளம்பரக் கம்பெனிக்காரர் வந்திருக்கிறார். "எஸ்.இ.ஓ. செய்கிறோம், கூகுளில் முதல் பக்கத்தில் முதல் இடம், உத்தரவாதம்" என்றிருக்கிறார். அக்கா சிறுவாட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

"சொன்னபடி செய்யவில்லையா?" என்று கேட்டேன்.

"செய்தாரே! அதுதானே எனக்குப் புரியவில்லை. பார், முதலாவதாக வருகிறது" என்று டெலிபோனை எடுத்து, கடையின் பெயரைத் தட்டிக் காட்டினாள். வாஸ்தவம். அக்காவின் கடைதான் முதலில் நின்றது.

"அக்கா, உன் கடையின் பெயரை யார் தட்டித் தேடுவார்கள்?"

"கடையைத் தெரிந்தவர்கள்."

"அவர்களுக்குத்தான் உன் டெலிபோன் நம்பரே தெரியுமே!"

அக்கா ஒரு நிமிஷம் பேசவில்லை. நான் "மாங்காய் தொக்கு ஓசூர்" என்று தட்டினேன். முதல் பக்கம், இரண்டாம் பக்கம், ஐந்தாம் பக்கம் வரையில் பார்த்தோம். அக்காவைக் காணவே காணோம்.

பெயர் சொல்லித் தேடினால் யார் வீடும் முதல் வீடுதான். அதற்குப் பதினெட்டாயிரம் வேண்டாம். பதினெட்டுப் பைசாவும் வேண்டாம். உங்களைத் தெரியாதவர், உங்கள் பண்டத்தைத் தேடும்போது நீங்கள் அகப்படுகிறீர்களா என்பதுதான் கேள்வி. எஸ்.இ.ஓ. என்ற மூன்றெழுத்து மந்திரத்தின் சாரம் இவ்வளவே.

★

தேடுபொறி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும்.

நம்மில் பலர் நினைப்பது போல, நாம் கேட்ட பிறகு அது உலகமெல்லாம் ஓடித் தேடுவதில்லை. சமையல் புத்தகத்தின் கடைசியில் அகராதி வரிசையில் ஒரு பட்டியல் இருக்குமல்லவா? "கத்தரிக்காய் - பக்கம் 14, 52" என்று. கூகுள் அந்த மாதிரி ஒரு பிரம்மாண்டமான பட்டியலை முன்கூட்டியே தயார் செய்து வைத்திருக்கிறது. அதற்காகச் சில நிரல்கள், சென்ஸஸ் எடுக்க வருகிறவர் போல, ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு இணைப்புகளைப் பிடித்துக்கொண்டு ஓயாமல் நடக்கின்றன. பார்த்த பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று குறித்துக்கொள்கின்றன. நாம் கேட்கும்போது அந்தக் குறிப்பைப் புரட்டி, எது பொருத்தம், எது நம்பத் தகுந்தது என்று வரிசைப்படுத்திக் கொடுக்கிறது. இப்போது எல்லாவற்றுக்கும் மேலே இயந்திரமே எழுதிய பதில் ஒன்றும் வருகிறது. அதுவும் யாரோ எழுதி வைத்த பக்கங்களைப் படித்துவிட்டுத்தான் பேசுகிறது.

ஆகவே, முதல் கேள்வி: சென்ஸஸ்காரர் உங்கள் வீட்டுக்கு வந்தாரா? இதைச் சுலபமாகச் சோதிக்கலாம். கூகுளில் 'சைட்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் தட்டி, மேலும் கீழுமாக இரண்டு புள்ளி வைத்து, இடம் விடாமல் உங்கள் தளத்தின் விலாசத்தைத் தட்டுங்கள். குறித்துக்கொண்ட பக்கங்களைக் காட்டும். ஒன்றுமே வராவிட்டால் எங்கோ கதவு சாத்தியிருக்கிறது. தளம் கட்டும்போது "தேடுபொறிகள் வர வேண்டாம்" என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டு, திறப்பு விழாவுக்குப் பிறகு எடுக்க மறந்தவர்கள் பலர் உண்டு.

அக்காவின் வீட்டுக்கு அவர் வந்துவிட்டுத்தான் போயிருந்தார். ஆனால் குறித்துக்கொள்ள அங்கே ஒன்றுமில்லை! முகப்புப் பக்கத்தின் தலைப்பு, "நல்வரவு". பண்டங்களின் பெயர், விலை, சேர்மானம் எல்லாவற்றையும் தோரணத்தோடு ஒரே படமாக வரைந்து ஒட்டியிருந்தார்கள். நம் கண்ணுக்கு எழுத்து. இயந்திரத்துக்கோ அது படம். எழுத்தாக இருந்தது நாலே வரி. அந்த நாலு வரியிலும் "பாரம்பரிய சுவைமிகு கனிப் பதார்த்தங்கள்" என்று இருந்ததே தவிர, மாங்காய் என்ற சொல்லையோ, தொக்கு என்ற சொல்லையோ, ஓசூர் என்ற சொல்லையோ காணோம்.

"இது யார் எழுதியது?"

"நான்தான். தொக்கு என்று எழுதினால் கௌரவமாக இருக்காது என்று நினைத்தேன்" என்றாள் அக்கா.

★

அன்று சாயங்காலம் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். வீட்டுக்கு வருகிறவர்களையெல்லாம் ஒரே கேள்வி கேட்டோம்: "இந்தப் பண்டம் வேண்டுமென்றால் டெலிபோனில் என்ன என்று தட்டுவீர்கள்?"

ஓசூரில் இந்தக் கேள்விக்குக் கிடைக்கிற பதில்களே ஒரு விருந்து. ஒரே தெருவில் தமிழும், தெலுங்கும், கன்னடமும் பேசுகிற ஊர் அது. எதிர் வீட்டு அம்மாள், "மாவினகாயி உப்பினகாயி" என்றார். பால் கொண்டுவருகிறவர் தெலுங்கில் "மாமிடிகாய பச்சடி" என்றார். நாம் பச்சடி என்றால் தயிரைத் தேடுவோம். தெலுங்கில் அது ஊறுகாய் ஜாடிக்குள்ளும் போகும். மாடியில் குடியிருக்கும் ஆலைத் தொழிலாளிப் பையன்கள் "மாங்கா தொக்கு" என்றே ஆங்கில எழுத்தில் தட்டுவார்களாம்.

சரி, மாங்காயின் பெயர் என்ன? கிருஷ்ணகிரியில் மிகுதியாக விளைகிற அந்த நீளக் காயைக் கிளிமூக்கு என்கிறோம். வியாபாரிகள் பெங்களூரா என்கிறார்கள். ஆலைக்காரர்களுக்கு அது தோத்தாபுரி. கன்னடத்தில் கிணிமூத்தி. எல்லாப் பெயரிலும் பாதிக்கு மேல் கிளிதான். கூண்டுதான் வேறு வேறு.

திண்ணையில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்த அத்தான் தலையை நிமிர்த்தாமலே, "எங்கள் ஊரில் அதைக் கல்லாமை என்போம்" என்றார். அதையும் எழுதிக்கொண்டோம்.

ஊர்ப் பெயர் மட்டும் சும்மா இருக்குமா? ஓசூர், ஒசூர், ஹோசூர். கன்னடத்தில் 'ஹொச ஊரு' என்றால் புது ஊர். தட்டுகிறவர் மூன்றில் எதையும் தட்டலாம்.

இக்காலத்துத் தேடுபொறி, ஒரே பொருளுடைய சொற்களையும் எழுத்துப் பிழைகளையும் ஓரளவு புரிந்துகொள்கிறது. அதனால் இத்தனை பெயரையும் ஒரே வரியில் இருபது தடவை அடுக்கினால் பலன் என்று எண்ண வேண்டாம். அப்படிச் செய்வது இரைச்சல். இயந்திரமும் அதைக் குற்றமாகவே எடுத்துக்கொள்ளும். "கிளிமூக்கு மாங்காய், எங்கள் பக்கத்தில் கல்லாமை என்றும் சொல்வார்கள்" என்று பேச்சுவாக்கில் ஒரு தடவை சொன்னால் போதும். கன்னடக்காரர்களுக்கு வேண்டுமானால் அவர்கள் மொழியில் தனியாக ஒரு பக்கம், தெரிந்தவரைக் கொண்டு எழுதி வைப்பது உத்தமம்.

★

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை செய்த வேலைகளைச் சொல்கிறேன். சின்ன வியாபாரம் செய்யும் எந்தச் சகோதரியும் செய்யலாம்.

முதலில், பண்டத்துக்கு ஒரு பக்கம். தொக்குக்கு ஒன்று, வற்றலுக்கு ஒன்று, மாவுக்கு ஒன்று. ஒரே பக்கத்தில் எல்லாவற்றையும் கொட்டினால் எதுவும் சரியாக அகப்படாது. ஒவ்வொன்றுக்கும் அதனதன் தலைப்பு: "கிளிமூக்கு மாங்காய்த் தொக்கு - வீட்டுத் தயாரிப்பு, ஓசூர்". தேடுகிறவர் கண்ணில் முதலில் படுவது இந்தத் தலைப்புத்தான். "நல்வரவு" என்றால் எதற்கு நல்வரவு? தலைப்புக்குக் கீழே காட்டுவதற்காக இரண்டு வரி விவரமும் எழுதலாம். கூகுள் சில சமயம் அதை விட்டுவிட்டுப் பக்கத்திலிருந்து வேறு வரியை எடுத்துக்கொள்ளும். பாதகமில்லை.

இரண்டாவது, வாங்க வருகிறவர் கேட்கும் கேள்விக்கெல்லாம் பதில். என்ன எண்ணெய்? எத்தனை நாள் தாங்கும்? பூண்டு உண்டா? பெங்களூருக்கு அனுப்புவீர்களா, எத்தனை நாளாகும்? விலை என்ன? பதிவு எண் என்ன? தெருவில் வாயால் சொல்கிற இதையெல்லாம் எழுத்தில் சொன்னாள் அக்கா. "இவ்வளவுதானா? இதைத்தானே தினமும் பேசுகிறேன்!" என்று ஆச்சரியப்பட்டாள். இவ்வளவேதான்.

மூன்றாவது, படங்கள். வேண்டியதுதான், ஆனால் அளவைக் குறைத்துப் போட வேண்டும். தொழிற்பேட்டைப் பையன் டீக்கடையில் நின்றுகொண்டு பார்க்கிறான். பக்கம் திறக்க நேரமானால் அடுத்த கடைக்குப் போய்விடுவான். கூகுளும் இப்போது தளங்களைக் கைபேசிக் கண்ணால்தான் பார்த்து மதிப்பிடுகிறது. ஒவ்வொரு படத்துக்கும், கண் தெரியாத ஒருவருக்குச் சொல்வது போல, "கண்ணாடி ஜாடியில் மாங்காய்த் தொக்கு" என்று ஒரு வரி சேர்க்கலாம். கண் தெரியாதவர்களுக்கும் அது பயன்படும், இயந்திரத்துக்கும் பயன்படும்.

நான்காவது, வரைபடத்தில் பெயர் பதிவது. கூகுளில் வியாபாரக் குறிப்பு ஒன்றை இலவசமாக வைத்துக்கொள்ளலாம். "பக்கத்தில் ஊறுகாய் கிடைக்குமா" என்று தேடுகிறவருக்கு வரைபடத்தோடு வருவது இதுதான். வீட்டிலிருந்து வியாபாரம் செய்கிறவர்கள் விலாசத்தை மறைத்துவிட்டு, எந்தெந்த ஊருக்கு அனுப்புகிறோம் என்பதை மட்டும் காட்டவும் வழி இருக்கிறது. பெயரும் டெலிபோன் நம்பரும் எங்கேயும் ஒரே மாதிரி இருக்கட்டும்.

ஐந்தாவது, சர்ச் கன்சோல் என்ற இலவசக் கணக்கு. கூகுளே கொடுப்பது. எந்த எந்தச் சொல்லைத் தட்டி எத்தனை பேர் உங்கள் பக்கத்தைக் கண்டார்கள், எத்தனையாவது இடத்தில் கண்டார்கள் என்று அதில் தெரியும். வீட்டுக் கணக்கு நோட்டுப் போல மாதம் ஒரு முறை பார்த்தால் போதும்.

★

இவ்வளவு செய்தும் பத்துப் பேர் ஒரே மாதிரி எழுதியிருந்தால் யாரை முன்னே நிறுத்துவது? இங்கேதான் கூகுளின் பழைய சூட்சுமம் வருகிறது. லாரி பேஜ், செர்கி பிரின் என்ற இரண்டு மாணவர்கள் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் படித்தபோது ஒரு யோசனை செய்தார்கள். ஒரு பக்கத்தை வேறு எத்தனை பக்கங்கள் சுட்டுகின்றன, சுட்டுகிறவை எப்படிப்பட்டவை என்று பார்த்தார்கள். அதை வைத்து 1998-ல் கம்பெனி ஆரம்பித்தார்கள்.

நமக்கு இது புதிதா என்ன? பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது பையன் தன்னைப் பற்றிச் சொல்வதை யார் கேட்கிறார்கள்? அக்கம்பக்கத்தில் நாலு பெரிய மனிதர்கள் என்ன சொல்கிறார்கள் என்றுதானே விசாரிக்கிறோம்! அது போலத்தான். இன்று இன்னும் எத்தனையோ அம்சங்களைப் பார்க்கிறார்கள் என்றாலும், நாலு பேர் வாக்குக்கு மதிப்பு இருக்கிறது.

அந்த வாக்கை விலைக்கு வாங்கலாமா? வாங்கிப் பார்த்தவர்கள் உண்டு. அமெரிக்காவில் ஜே.சி. பென்னி என்று பெரிய ஜவுளி, சாமான் கடை. பல சாமான்களைத் தேடும்போது அந்தக் கடையே முதலில் வந்துகொண்டிருந்தது. சம்பந்தமே இல்லாத நூற்றுக்கணக்கான தளங்களில் அதற்கு ஆயிரக்கணக்கான இணைப்புகள் போடப்பட்டிருந்ததை 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் அம்பலப்படுத்தியது. கூகுள் நடவடிக்கை எடுத்ததும் முதல் இடத்தில் இருந்த கடை, சில தேடல்களில் எழுபதாவது இடத்தை ஒட்டி விழுந்தது. தங்களுக்குத் தெரியாமல் நடந்தது என்று கடைக்காரர்கள் சொல்லி, வேலை செய்த கம்பெனியை நீக்கினார்கள். அதற்கும் முன்னால், 2006-ல், தந்திரப் பக்கங்கள் வைத்ததற்காக பி.எம்.டபிள்யூ. மோட்டார் கம்பெனியின் ஜெர்மன் தளத்தையே கூகுள் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. அத்தனை பெரிய காருக்கே அந்தக் கதி என்றால், தொக்கு ஜாடிக்கு என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே, உத்தரவாதம் என்று யாராவது வந்தால் மூன்று விஷயங்களை நினைவில் வையுங்கள். முதல் இடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது; இதைக் கூகுளே எழுதி வைத்திருக்கிறது. விளம்பரம் என்ற குறிப்போடு வருகிற இடத்தைப் பணம் கொடுத்து வாங்கலாம். மற்ற வரிசைக்குக் கூகுள் பணம் வாங்குவதில்லை. மூன்றாவதாக, "எந்தச் சொல்லுக்கு முதல் இடம்?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியை அக்கா கேட்டிருந்தால் பதினெட்டாயிரம் மிஞ்சியிருக்கும்.

யோக்கியமாக இந்த வேலை செய்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் உங்கள் பண்டத்தைப் பற்றி நிறையக் கேட்பார்கள். உத்தரவாதம் பற்றிப் பேச மாட்டார்கள். பலன் தெரிய நாலு மாதத்திலிருந்து ஒரு வருஷம் வரை ஆகும் என்று சொல்வார்கள்.

★

நாங்கள் மாற்றி எழுதி நாலு மாதம் வரை ஒன்றும் நடக்கவில்லை. அக்கா வாரம் தவறாமல் டெலிபோன் செய்து என்னைத் திட்டினாள். ஐப்பசி கடைசியில் இரண்டு ஆர்டர். கார்த்திகையில் ஏழு. கோடீஸ்வரி ஆகிவிடவில்லை, இன்றைக்கும் மாதத்துக்கு முப்பது நாற்பது ஜாடிதான் வலைத்தளத்தின் மூலம் போகிறது. ஆனால் அத்தனையும் முன்பின் தெரியாதவர்கள் கேட்டு வாங்குவது.

சென்ற மாதம் ஓசூருக்குப் போயிருந்தேன். சர்ச் கன்சோல் கணக்கை அக்கா பெருமையுடன் திறந்து காட்டினாள். எந்தச் சொல்லைத் தட்டி வந்தார்கள் என்ற பட்டியலில் ஓரிடத்தில் விரலை வைத்தாள்: "கல்லாமை மாங்காய் தொக்கு".

"பெங்களூரிலிருந்து ஒரு அம்மாள். 'என் தாயார் அப்படித்தான் சொல்வார், கூகுளில் தட்டினேன், நீங்கள் ஒருவர்தான் வந்தீர்கள்' என்றார். மூன்று ஜாடி வாங்கினார்" என்றாள்.

அன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அக்கா தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, அந்தப் பதினெட்டாயிரம் ரூபாய்க் கதையை அத்தானிடம் சொல்லிவிட்டாள். நான் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தேன்.

அத்தான் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, "லேத்தில் ஏற்றுகிற இரும்பெல்லாம் சாமானாகவா வருகிறது? கொஞ்சம் சுருள் சுருளாகக் கீழே போகத்தான் போகும்" என்றார். பிறகு, "கல்லாமை என்று சொன்னது யார்?" என்று கேட்டார்.

அக்கா பதில் சொல்லவில்லை. உள்ளே போய் அவருக்கு இன்னொரு டம்ளர் மோர் கொண்டுவந்தாள்.